கடைசியாக வரும் பிள்ளைக்கும் கை தட்டுவோம்!
பள்ளிப் பிள்ளைகளின் மலைப்பாதை சைக்கிள் லீக் – நடத்துவது எப்படி?



சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் கூட்டமைப்பின் மகளிர் தின விழாவில் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பந்தயம் வைத்தோம். பள்ளிக்கூட வாசலில் கிளம்பி, ஏரிக்கரை வழியாகப் போய், அம்மன் கோயிலைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். பதினேழு பிள்ளைகள் கிளம்பினார்கள். முதல் மூன்று பேர் வந்ததும் மேடைக்குக் கூப்பிட்டு எவர்சில்வர் குடம், தட்டு, டம்ளர் என்று பரிசு கொடுத்தோம். போட்டோ எடுத்தோம். உடனே கோலப்போட்டி முடிவை வாசிக்க ஆரம்பித்துவிட்டோம்.

அரை மணி நேரம் கழித்து ஒரு பிள்ளை செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. சுண்ணாம்புக் கோட்டுக்கிட்ட ஒருத்தரும் இல்லை. "எல்லாம் முடிஞ்சிருச்சாக்கா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த வருஷம் அவள் பெயர் கொடுக்கவில்லை. அவள் மட்டுமா? பதினேழு பேர் ஆறு பேராகிவிட்டார்கள்.

பிள்ளைகள் மேல் தப்பு இல்லை. ஏற்பாடு செய்த எங்கள் மேல்தான் தப்பு. ஜெயிக்கிற மூன்று பேருக்காக மட்டும் ஏற்பாடு செய்திருந்தோம். மீதிப் பதினாலு பேரை நாங்கள் யோசிக்கவே இல்லை.

அப்படியானால் எப்படி ஏற்பாடு செய்வது? இதற்குப் பதில் தேடியபோதுதான் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடக்கும் மலைப்பாதை சைக்கிள் லீக் பற்றித் தெரிய வந்தது. ஊர் வேறு, வசதி வேறு, சைக்கிளும் வேறு. ஆனால் அவர்கள் அமைப்பைக் கட்டிய விதத்தைப் பார்த்தால், "அட, இது நம்ம குழு மாதிரியே இருக்கே" என்று தோன்றும். அதைத்தான் இந்த இதழில் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

மலைப்பாதை சைக்கிள் என்றால் என்ன?

தார் ரோட்டில் ஓட்டாமல் மண் பாதை, கல், வேர், மேடு பள்ளம் உள்ள காட்டு வழியில் ஓட்டுவதற்காகச் செய்த சைக்கிள் இது. டயர் தடிமனாக, கட்டை கட்டையாக இருக்கும். சட்டம் உறுதியாக இருக்கும். ஏற்றத்தில் மிதிக்கச் சுலபமான கியர், இறக்கத்தில் பிடித்து நிறுத்தும் நல்ல பிரேக் இரண்டும் முக்கியம்.

இது பிறந்த இடம் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்ற மாவட்டம். டாமல்பாய்ஸ் என்று ஒரு மலை அங்கே இருக்கிறது. 1970-களில் அந்தப் பக்கத்து வாலிபர்கள் பழைய சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, தடிமன் டயர் மாட்டி, மலை இறக்கத்தில் ஓட்டினார்கள். 1976-இல் அங்கே சுமார் 3 கிலோமீட்டர் இறக்கத்தில் பந்தயம் வைக்க ஆரம்பித்தார்கள். அதற்கு 'ரீபேக்' என்று பெயர். பிரேக் பிடித்துப் பிடித்துப் பின்சக்கரத்துக் கிரீஸ் எரிந்து புகையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் புதுக் கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி ஓட்ட முடியும். 'மறுபடி அடைப்பது' என்பதே அந்தப் பெயரின் அர்த்தம். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சி போன்றவர்கள் அப்புறம் இதற்கென்றே தனியாகச் சைக்கிள் செய்தார்கள். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைப்பாதை சைக்கிள் பந்தயமும் சேர்ந்துவிட்டது.

ஆனால் இதெல்லாம் பெரியவர்கள் விளையாட்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு வழி இல்லாமல் இருந்தது.

ஒரு கணக்கு வாத்தியார் தொடங்கியது

மரினுக்கு எதிர்க்கரையில், கடல் விரிகுடாவைத் தாண்டினால் பெர்க்லி என்று ஒரு நகரம். அங்குள்ள மேல்நிலைப் பள்ளியில் மேட் ஃப்ரிட்ஸிங்கர் என்று ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். 1998-இல் அவர் தன் பள்ளியில் சில மாணவர்களை வைத்துச் சைக்கிள் அணி ஒன்று தொடங்கினார். ஒரு பள்ளி மட்டும் ஓட்டினால் பந்தயம் ஆகுமா? பக்கத்துப் பள்ளிகளும் சேர்ந்தால்தானே ஆகும். 2001-இல் வடக்குக் கலிபோர்னியா உயர்நிலைப் பள்ளி லீக் உருவானது.

லீக் என்றால் ஒரே நாள் பந்தயம் இல்லை. ஒரு பருவம் முழுவதும் சில வார இடைவெளியில் நாலைந்து பந்தயம் நடக்கும். ஒவ்வொன்றிலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில் மாநில அளவிலான இறுதிப் பந்தயம். ஒரு நாள் செயின் கழன்றாலும் காய்ச்சல் வந்தாலும் அடுத்த பந்தயத்தில் ஈடு கட்டலாம். பிள்ளைக்கு 'இன்னொரு தடவை' கிடைக்கிறது. லீக்கின் முதல் நன்மையே இதுதான்.

வேறு மாநிலத்துக்காரர்களும் "எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2009-இல் தேசிய அளவில் பள்ளிகளுக்கிடையிலான சைக்கிள் சங்கம் ஒன்று அமைந்தது. சுருக்கமாக 'நைகா' என்பார்கள். இன்று 30-க்கும் மேற்பட்ட லீக்குகள் அதன் கீழ் நடக்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் 20,000-க்கும் மேல் சேர்ந்து ஓட்டுகிறார்கள்.

குழு, கூட்டமைப்பு மாதிரிதான்!

இதன் அமைப்பைப் பாருங்கள். நமக்குச் சுலபமாகப் புரியும்.

அடியில் இருப்பது அணி. ஒரு பள்ளிக்கு ஒரு அணி. ஒரு பள்ளியில் ரெண்டு மூணு பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றால், அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துக் கூட்டு அணி அமைக்கலாம். சின்னக் குக்கிராமங்களைச் சேர்த்து நாம் ஒரு குழு அமைப்பதில்லையா, அதே மாதிரி. ஆள் குறைவு என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை.

நடுவில் இருப்பது லீக். பந்தய நாள் குறிப்பது, இடத்துக்கு அனுமதி வாங்குவது, காப்பீடு எடுப்பது, பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, முடிவுகளைப் பதிவது எல்லாம் லீக் வேலை. சம்பளத்துக்கு இருப்பவர்கள் கொஞ்சம் பேர். மீதி எல்லாம் தன்னார்வலர்கள்.

மேலே தேசிய சங்கம். எல்லா இடத்துக்கும் பொதுவான விதிகள், பாதுகாப்பு முறை, பயிற்சிப் பாடம் ஆகியவற்றை அது தருகிறது. புதிதாக ஒரு மாநிலம் தொடங்க விரும்பினால் முதலில் இருந்து தடுமாற வேண்டாம். முன்னால் நடந்தவர்கள் பட்ட அனுபவம் எழுத்தில் இருக்கிறது.

நம் குழுவில் தீர்மான நோட்டு எதற்கு? இன்றைக்குத் தலைவி மாறினாலும் நாளைக்குக் குழு நடக்கணும் என்பதற்குத்தானே! அந்த ஆசிரியர் தன் பள்ளி அணியோடு நிறுத்தியிருந்தால், அவர் இருக்கும்வரைதான் அது நடந்திருக்கும். எழுதி வைத்த முறையாக மாறியதால்தான் பல மாநிலத்துக்குப் பரவியது.

'பெஞ்சில் உட்கார யாரும் இல்லை'

பல விளையாட்டில் பதினைந்து பேர் பயிற்சிக்குப் போவார்கள். ஆடுவது பதினொரு பேர். மீதிப் பேர் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் தூக்குவார்கள். வருஷம் முழுக்க உட்கார்ந்தே போகிற பிள்ளையும் உண்டு.

இந்த லீக்கில் அது கிடையாது. பெயர் கொடுத்த எல்லாப் பிள்ளையும் ஓட்டலாம். தேர்வு வைத்துக் கழிப்பது இல்லை. புதிதாகக் கற்ற பிள்ளை, பல வருஷம் ஓட்டிய பிள்ளை எல்லாரும் அதே நாளில், அதே பாதையில் ஓட்டுவார்கள். ஆனால் வகுப்பு பிரித்து விடுவார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தனி, தொடக்க நிலை தனி, நடு நிலை தனி, தேர்ந்தவர்கள் தனி. பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் தனித்தனி. பாதை ஒன்றே. சுற்றுகளின் எண்ணிக்கைதான் மாறும். சின்னவர்களுக்கு ஒன்றிரண்டு சுற்று, தேர்ந்தவர்களுக்கு மூன்று நாலு சுற்று. ஒரு சுற்று பெரும்பாலும் 6 முதல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும்.

பந்தயமே வேண்டாம், சேர்ந்து ஓட்டினால் போதும் என்கிற பிள்ளையும் அணியில் இருக்கலாம். பயிற்சிக்கு வரலாம், கற்கலாம்.

பந்தய நாள் எப்படி நடக்கும்?

முதல் நாளே அணிகள் வந்து பந்தல் போட்டுவிடும். பிள்ளைகள் பாதையை ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கே வளைவு, எங்கே கல், எங்கே மணல் சறுக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத பாதையில் யாரையும் நேரே பந்தயத்தில் இறக்கிவிடுவதில்லை.

பாதையைத் தேர்வு செய்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை மட்டும் ஓட்டக்கூடிய பாதையாக இருக்கக் கூடாது. புதுப் பிள்ளையும் விழாமல் ஓட்ட வேண்டும். நடுநடுவே அகலமான இடம் வேண்டும், அப்போதுதான் ஒருவரை ஒருவர் தாண்ட முடியும்.

காலையில் ஒவ்வொரு சைக்கிளின் ஹேண்டில்பாரிலும் நம்பர் அட்டை கட்டுவார்கள். கோட்டைத் தாண்டும்போது நேரத்தைப் பதியும் சின்னக் கருவி அதிலேயே இருக்கும். எத்தனையாவது இடம் வந்தாலும் உனக்கு ஒரு நேரம் உண்டு. "போன தடவையை விட ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்துட்டேன்" என்று இருபத்தெட்டாவதாக வந்த பிள்ளையும் வீட்டில் சொல்லலாம். போட்டி மற்றவரோடு மட்டும் இல்லை, போன மாதத்து நம்மோடும் உண்டு. சேமிப்புப் புத்தகத்தில் நம் பெயருக்கு நேரே தொகை ஏறுவதைப் பார்ப்பது போலத்தான்.

எல்லாரையும் ஒரே நேரத்தில் விட மாட்டார்கள். ஒரு வகுப்பு கிளம்பி, சில நிமிஷம் கழித்து அடுத்த வகுப்பு. தாண்டிப் போகிறவருக்கு ஒரு விதி: வேகமாக வருகிற பிள்ளைதான் குரல் கொடுக்க வேண்டும். "இடது பக்கம் வர்றேன்" என்று சொல்லி, முன்னால் போகிற பிள்ளை ஒதுங்க இடம் கிடைக்கும்வரை பொறுக்க வேண்டும். பத்திரமாகத் தாண்டும் பொறுப்பு தாண்டுகிறவருடையது. மெதுவாகப் போகிற பிள்ளையை யாரும் விரட்டக் கூடாது.

பாதையின் முக்கியமான வளைவுகளிலும் சந்திப்புகளிலும் பாதைக் காவலர் நிற்பார். பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் அம்மாவோ அப்பாவோதான். கையில் விசிலும் ரேடியோவும் இருக்கும். ஒரு பிள்ளை விழுந்தால் அவர் செய்ய வேண்டிய வேலை வரிசையாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். பின்னால் வருகிறவர்களை எச்சரித்து மெதுவாக்க வேண்டும். ரேடியோவில் இடத்தைச் சொல்லி மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டும். பலமாக அடிபட்ட பிள்ளையை அவசரப்பட்டுத் தூக்கி நிறுத்தக் கூடாது.

கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் ஒரு பெரியவர் சைக்கிளில் வருவார். அவர் வேலை அது ஒன்றுதான். அவர் கோட்டைத் தாண்டினால்தான் பாதையில் பிள்ளைகள் யாரும் இல்லை என்று அர்த்தம். எங்கள் விழாவில் இப்படி ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால், அந்தப் பிள்ளை செயினை மாட்டத் தெரியாமல் ஏரிக்கரையில் தனியாக நின்றிருக்க மாட்டாள்.

பெண் பிள்ளை இல்லாமல் அணியின் கணக்கு முழுமை இல்லை

இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன், சகோதரிகளே.

தனித்தனி ஆளுக்குப் புள்ளி உண்டு. அணிக்கும் புள்ளி உண்டு. அணியில் நன்றாக ஓட்டிய சிலரின் புள்ளிகளைக் கூட்டி அணியின் கணக்கு போடுவார்கள். அப்படிக் கூட்டும்போது எல்லாப் புள்ளியும் ஆண் பிள்ளைகளுடையதாக இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகளின் புள்ளியும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும். ஓர் அணியில் பலசாலிப் பையன்கள் இருபது பேர் இருந்து, ஒரு பெண் பிள்ளைகூட இல்லை என்றால், அந்த அணியின் கணக்கில் ஓட்டை விழும்.

இதனால் என்ன நடக்கும்? பையன்களே போய் வகுப்புத் தோழிகளைக் கூப்பிடுவார்கள். பயிற்சியாளர் வீடு தேடிப் போய்ப் பெற்றோரிடம் பேசுவார். 'பாவம், அதுவும் வரட்டும்' என்கிற இரக்கத்துக்கு இங்கே வேலை இல்லை. அவள் வந்தால்தான் அணிக்கு லாபம். 'பெண்களுக்கு முன்னுரிமை' என்று போர்டு எழுதி மாட்டுவதை விட, கணக்கிலேயே அவளைச் சேர்த்துவிடுவது பலமான வழி. உள்ளாட்சியில் நமக்கு இட ஒதுக்கீடு வந்த பிறகு எத்தனை வீட்டில் ஆண்களே வந்து "நீ நில்லு" என்று சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா?

ஆனாலும் விதி மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் அங்கே பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளை விடக் குறைவாகத்தான் இருக்கிறார்கள். அதனால் பெண் பிள்ளைகள் சேர்ந்து ஓட்டுவதற்கென்றே 'கிரிட்' என்று தனித் திட்டம் தொடங்கினார்கள். 2023-க்குள் மூன்றில் ஒருவர் பெண் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று இலக்கும் வைத்தார்கள். பெண் பயிற்சியாளர்களைக் கூடுதலாகச் சேர்ப்பது இதில் முக்கியமான வேலை. பதிமூணு பதினாலு வயதுப் பிள்ளைக்கு மாதவிலக்கு நாள், உடை, வலி பற்றி யாரிடம் பேசுவாள்? அணியில் ஓர் அக்கா இருந்தால் பேசுவாள். இல்லாவிட்டால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவாள். காரணமும் சொல்ல மாட்டாள்.

பாதுகாப்பு – இதில் சமரசம் இல்லை

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டினால் விழத்தான் செய்வார்கள். விழவே விடாமல் பார்ப்பது முடியாத காரியம். விழுந்தாலும் பெரிய ஆபத்து வராமல் பார்ப்பதுதான் ஏற்பாட்டாளர் கடமை. அவர்கள் கடைப்பிடிக்கும் சில முறைகள்:

1. ஹெல்மெட்: சைக்கிளில் கால் வைத்தால் தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும். பந்தயத்தில் மட்டும் இல்லை, பந்தலுக்கும் கோட்டுக்கும் நடுவே பத்தடி ஓட்டினாலும் போட வேண்டும். பயிற்சியாளருக்கும் பெற்றோருக்கும் இதே விதிதான்.

2. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்: பயிற்சிக்குப் போகும்போது பிள்ளைகளைச் சின்னக் கூட்டமாகப் பிரிப்பார்கள். வழிகாட்டி ஒரு பெரியவர் முன்னால், கடைசிப் பிள்ளையைப் பார்க்க ஒரு பெரியவர் பின்னால். பாதை பிரியும் இடத்தில் நின்று, எல்லாரும் வந்தாச்சா என்று தலை எண்ணிவிட்டுத்தான் நகர்வார்கள்.

3. பெரியவரின் பின்னணி விசாரணை: பயிற்சியாளராக வர விரும்புகிற யாராக இருந்தாலும் அவர் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று விசாரித்துத்தான் சேர்ப்பார்கள். தெரிந்தவர், நல்லவர், ஊருக்குப் பெரியவர் என்று யாருக்கும் விலக்கு கிடையாது.

4. தனியாக விடுவதில்லை: ஒரு பெரியவர், ஒரு பிள்ளை – ரெண்டு பேர் மட்டும் மற்றவர் கண்ணுக்கு மறைவாக இருக்கக் கூடாது. இது பிள்ளையைக் காக்கும். நேர்மையான பயிற்சியாளரையும் வீண் பழியிலிருந்து காக்கும்.

5. தலையில் அடி: விழுந்த பிள்ளைக்குத் தலைசுற்றல், வாந்தி, குழப்பம், கண் மங்கல் இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். "நல்லாத்தான் இருக்கேன், ஓட்டுறேன்" என்று பிள்ளை அழுதாலும் அன்று ஓட்டக் கூடாது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே மறுபடி ஏற வேண்டும். முதல் அடி ஆறும் முன்னால் இன்னொரு அடி பட்டால் மூளைக்கு ஆபத்து அதிகம். இது சைக்கிளுக்கு மட்டும் இல்லை. கபடி ஆடும் பிள்ளைக்கும், மரத்திலிருந்து விழுந்த பிள்ளைக்கும் பொருந்தும்.

6. பயிற்சியாளருக்குப் பயிற்சி: நன்றாக ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. முதலுதவி, பிள்ளைகளிடம் பேசும் முறை, படிப்படியாகக் கற்றுத் தரும் முறை எல்லாம் கற்று மூன்று நிலைகளாக உரிமம் வாங்க வேண்டும்.

யார் இதையெல்லாம் செய்வது?

பெற்றோர்தான். 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு, சம்பளம் இல்லாமல் வருகிற பயிற்சியாளர்கள் 10,000-க்கும் மேல் இருக்கிறார்கள். ஏறக்குறைய ரெண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர்! இது தவிர பந்தல் போட, சமைக்க, வண்டி நிறுத்துமிடம் பார்க்க, குப்பை அள்ள, நம்பர் அட்டை கொடுக்க ஆள் வேண்டும். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற அம்மா, அடுத்த பந்தயத்தில் விசிலோடு வளைவில் நிற்பார். அதற்கடுத்த வருஷம் பயிற்சியாளராக உரிமம் எடுப்பார். சைக்கிள் ஓட்டத் தெரியாமல் வந்து, பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொண்ட பெற்றோரும் உண்டு.

பெற்றோருக்கும் விதி உண்டு. பிள்ளையை விட அப்பா அம்மாவுக்குத்தான் ஜெயிக்கிற வெறி அதிகமாக வரும். ஓரத்தில் நின்று திட்டுவது, நடுவரிடம் சண்டை போடுவது, மற்றப் பிள்ளையைக் கேலி செய்வது கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் கை தட்ட வேண்டும். அங்கே கடைசிப் பிள்ளை வரும்போதுதான் கைதட்டல் பலமாக இருக்கும் என்று சொல்வார்கள்.

நிலம் யாருடையது?

பந்தயம் நடக்கும் பாதை பெரும்பாலும் பொதுப் பூங்காவிலோ காட்டு நிலத்திலோ இருக்கும். அங்கே நடந்து போகிறவர்கள், குதிரையில் போகிறவர்கள் எல்லாரும் உண்டு. மலைப்பாதை சைக்கிள் பிறந்த டாமல்பாய்ஸ் மலையிலேயே பின்னாளில் பெரிய தகராறு வந்தது. வேகமாக இறங்கும் சைக்கிளால் பயம், மண் அரிப்பு என்று புகார் எழுந்து, குறுகிய பாதைகள் பலவற்றில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். அகலமான பாதையிலும் மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டர்தான் வேகம் என்று விதி வந்தது.

அந்த அனுபவத்தால் பிள்ளைகளுக்கு இரண்டு பழக்கம் கற்றுத் தருகிறார்கள். நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விட வேண்டும். ஓட்டுகிற பாதையை நாமே பராமரிக்க வேண்டும். பிள்ளைகளே மண்வெட்டி எடுத்து, மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டி, அரித்த இடத்தைச் சரி செய்கிறார்கள். ஈர மண்ணில் ஓட்டினால் பாதை கெட்டுவிடும் என்று பயிற்சியையே தள்ளி வைப்பார்கள். ஏரியைப் பயன்படுத்துகிறவர்தான் குடிமராமத்து செய்ய வேண்டும் என்று நம் ஊர்களில் இருந்த முறையும் இதுதானே!

பணம் – இதுதான் பெரிய தடை

அங்கே நல்ல மலைப்பாதை சைக்கிள் பல நூறு டாலர். ஆயிரம் டாலரைத் தாண்டுவதும் சாதாரணம். இது தவிரச் சேர்க்கைக் கட்டணம், பந்தயக் கட்டணம், பயணச் செலவு. 'எல்லாப் பிள்ளைக்கும் இடம்' என்று சொல்லிவிட்டுப் பணம் உள்ள பிள்ளை மட்டும் வந்தால் அது பொய்யாகிவிடும். இந்தக் குறை அங்கே இருக்கிறது. இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இதற்காக லீக்குகள் கட்டணச் சலுகை தருகின்றன. இரவல் சைக்கிள் வைத்திருக்கின்றன. பெரிய பிள்ளை வளர்ந்துவிட்டால் அவன் சைக்கிள் சின்னப் பிள்ளைக்குப் போகும். சைக்கிள் கம்பெனிகளிடமும் உள்ளூர்க் கடைகளிடமும் நன்கொடை கேட்கிறார்கள். சலுகை வாங்கும் பிள்ளையின் பெயரை மற்றவர் அறியாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். உதவி வாங்கி அவமானப்பட்ட பிள்ளை மறுபடி வராது.

நமக்கும் சைக்கிளுக்கும் சொந்தம் உண்டு

"இதெல்லாம் வெள்ளைக்காரங்க விளையாட்டு, நமக்கு எதுக்கு?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் ஆயிரக்கணக்கான பெண்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாரும் கற்றார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கேலி செய்தவர்கள் இருந்தார்கள், ஆனாலும் அவர்கள் நிறுத்தவில்லை. அந்தத் தலைமுறையின் பேத்திகளுக்கு இன்று பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது.

அந்தச் சைக்கிளில் மலை ஏறச் சொல்லவில்லை. அது அதற்காகச் செய்த சைக்கிளும் இல்லை. ஆனால் நாம் வைக்கிற எந்தப் பிள்ளைகள் விளையாட்டுக்கும் இந்த லீக்கின் முறையை எடுத்துக்கொள்ளலாம். சைக்கிள் ஓட்டம் வைப்பதானால் முதலில் தலைமையாசிரியர், ஊராட்சி, காவல் நிலையம் மூவரிடமும் எழுத்தில் தெரிவித்து அனுமதி வாங்குங்கள். பஸ், லாரி போகிற ரோட்டைத் தவிருங்கள். காலை வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். பிரேக், செயின், டயர் மூன்றையும் முதல் நாளே பாருங்கள். வளைவுக்கு ஒரு உறுப்பினர் நில்லுங்கள். கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் ஓர் அக்கா போகட்டும்.

நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். கடைசிப் பிள்ளை கோட்டைத் தொட்ட பிறகே மேடையில் மைக் ஆன் ஆகும். எல்லாப் பிள்ளையின் நேரத்தையும் நோட்டில் எழுதி, சீட்டில் கொடுக்கிறோம். போன வருஷம் இருபத்தோரு பிள்ளைகள் வந்தார்கள். "எல்லாம் முடிஞ்சிருச்சாக்கா?" என்று கேட்ட அந்தப் பிள்ளை இப்போது கல்லூரி முடித்துவிட்டாள். போய்க் கூப்பிட்டோம். முதலில் யோசித்தாள். அப்புறம் வந்தாள். கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் சைக்கிளில் போனது அவள்தான்.

குழுக் கூட்டத்தில் பேச:

• நம் ஊர் விளையாட்டு விழாவில் எத்தனை பிள்ளைகள் ஓடினார்கள்? எத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்கள்?
• பத்தாம் வகுப்புக்குப் பிறகு விளையாட்டை விட்ட பெண் பிள்ளைகள் யார்? காரணம் கேட்டோமா?
• நம் பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களைப் பற்றி விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டா?
• வீட்டில் ஓட்டாமல் துருப்பிடிக்கும் சைக்கிள்கள் எத்தனை? அவற்றைச் சரி செய்து இரவலுக்கு வைக்க முடியுமா?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊரில் செய்து பார்த்த அனுபவத்தை நம் இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.